கேம் டெவலப்பர் ஆகணுமா? முதல்ல ஜி.டி. நாயுடுவைத் தெரிஞ்சுக்கோங்க



நீங்க தேர்ட் இயரோ ஃபைனல் இயரோ படிச்சிட்டு, மனசுக்குள்ள கேம் டெவலப்மென்ட் ஆசையை ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்க நிலைமை நல்லாவே தெரியும். வீட்டுல யாராவது ஒருத்தர் பனியன் கம்பெனியில இருப்பாங்க. டிகிரி முடிச்சதும் மெர்ச்சண்டைசரா சேர்ந்துக்கலாம்னு ஒரு இடமும் பேசி வச்சிருப்பாங்க. இன்னொரு பக்கம், ஆறே மாசத்துல கேம் டெவலப்பர் ஆக்குறோம்னு விளம்பரம் போனைத் திறந்தா வந்து நிக்கும். லட்ச ரூபாய் ஃபீஸ். கட்டலாமா வேண்டாமா? யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா? சி ஷார்ப்பா, சி பிளஸ் பிளஸ்ஸா?

இதுக்கெல்லாம் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரோட வாழ்க்கையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும். அவர் கம்ப்யூட்டர் தொட்டவர் இல்ல. 1974 ஜனவரி 4-ல அவர் காலமானப்போ, அட்டாரியோட பாங் கேம் வெளிவந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகியிருந்தது. ஆனா கேம் ஸ்டூடியோக்காரங்க இன்னைக்கு ஒரு ஃப்ரெஷர்கிட்ட எதிர்பார்க்கிற புத்தி அவர்கிட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது. அவர்தான் ஜி.டி. நாயுடு.

பிரிச்சுப் பார்க்கிற புத்தி

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல சூலூர் பக்கத்துல இருக்கிற கலங்கல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரல. ஆரம்பப் படிப்போடவே நின்னுட்டார். அப்புறம் கைக்குக் கிடைச்சதைப் படிச்சும், தோட்ட வேலை பார்த்தும் வளர்ந்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு பைக். ஆங்கிலேய அதிகாரி ஒருத்தர் ஊர்ப்பக்கம் ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி தானா ஓடுறதைப் பார்த்தவருக்கு அதை வாங்கியே ஆகணும்னு ஆயிடுச்சு. கோவைக்குப் போய் ஒரு ஓட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். காசு மேல காசு சேர்த்து, 300 ரூபாய் தேறினதும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். வாங்கின வண்டியில ஊர் சுத்தப் போகாம, அதை முழுசா பிரிச்சுப் போட்டார். எந்த பாகம் எதுக்கு, எது எதோட சேருது, எதைக் கழட்டினா எது நிக்குதுன்னு பார்த்துப் பார்த்து, திரும்பவும் மாட்டினார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

இப்போ உங்க லேப்டாப்பைப் பாருங்க. நாற்பது டுடோரியல் சேவ் பண்ணி வச்சிருப்பீங்க. டுடோரியல் பார்க்கிறது, வேற ஒருத்தர் பைக் ஓட்டுறதைப் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. சுகமா இருக்கும், ஆனா ஓட்ட வராது. கேம் டெவலப்மென்ட்டுக்குத் தேவையான முதல் திறமை, இருக்கிற ஒரு கேமை மனசுக்குள்ள பிரிச்சுப் போட்டு, டுடோரியல் இல்லாம திரும்பக் கட்டுறது.

பெரிய கேம் வேண்டாம். 2013-ல வந்த ஃப்ளாப்பி பேர்டை எடுத்துக்கோங்க. ஒரே ஒரு தொடுதல்தான். ஆனா அதுக்குள்ள என்னென்ன இருக்கு? பறவையைக் கீழே இழுக்கிற ஈர்ப்பு. தொட்டதும் மேலே தூக்குற வேகம். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல இடைவெளி. மோதலைக் கண்டுபிடிக்கிற கணக்கு. ஸ்கோர். செத்ததும் நொடியில மறுபடி தொடங்குற வசதி. ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க, கேம் கொடுமையாயிடும். இடைவெளியை அகலமாக்குங்க, போரடிச்சிடும். அந்த எண்களை மாத்தி மாத்திப் பார்க்கிறப்போதான் கேம் டிசைன்னா என்னன்னு கைக்குத் தெரியும். வெக்டார், முக்கோணவியல், பிசிக்ஸ் எல்லாம் எதுக்கு சிலபஸ்ல இருக்குன்னும் அப்போதான் புரியும்.

திருப்பூர்ல ஜெயிச்சார், பம்பாயில தோத்தார்

நம்ம ஊருக்கும் அவருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. பனியனுக்கு முன்னாடி திருப்பூர் பஞ்சுக்குத்தான் பேர் போன ஊர். சுத்துப்பட்டுல விளையுற பருத்தி இங்கே வந்து, கொட்டை நீக்கி, பொதி கட்டி வெளியூர் போகும். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி நாயுடு இங்கே பஞ்சரவைத் தொழில்ல இறங்கினார். நல்ல காசு பார்த்தார்.

அந்தத் தைரியத்துல பம்பாய்க்குப் போய், அங்கே இருந்த பெரிய பஞ்சு வியாபாரிகளோட மோதினார். சம்பாதிச்சது அத்தனையும் போச்சு. வெறுங்கையோட கோவைக்குத் திரும்பி வந்தார்.

இதுல நமக்கு என்ன இருக்கு? திருப்பூர்ல அவருக்குத் தொழில் தெரிஞ்சிருந்தது, சரக்கு கண் முன்னாடி இருந்தது. பம்பாய்ல அவர் ஆடினது விலை ஏறும் இறங்கும்ங்கிற ஊகத்தை வச்சு. கேம் பண்றவங்க பலர் முதல் புராஜெக்ட்டிலேயே பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துடுறாங்க. நூறு பேர் ஒண்ணா விளையாடுற ஓப்பன் வேர்ல்டு கேம், அதுவும் ரெண்டே பேர் சேர்ந்து! ஆறு மாசம் கழிச்சு பார்த்தா, ஒரு மெனு ஸ்கிரீனும் பாதி வரைஞ்ச மேப்பும்தான் மிச்சம் இருக்கும்.

ஒரே ஒரு பஸ்

தோத்து வந்தவர் என்ன செஞ்சார்? திரும்பவும் தனக்குத் தெரிஞ்ச இடத்துக்கே வந்தார், அதாவது மோட்டாருக்கு. கோவையில தொழில் நடத்திட்டிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவி செய்ய, 1920-ல ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல, அவரே ஓட்டினார். இன்னைக்கு நம்ம மாவட்டத்துல இருக்கிற உடுமலை வழியாப் போற அதே பாதைதான்.

அவரே ஓட்டினதால எந்த இடத்துல இன்ஜின் சூடாகும், எந்த ஊர்ல கூட்டம் ஏறும், பயணிக்கு என்ன எரிச்சல் வரும்னு எல்லாமே அவருக்கு நேரடியா தெரிஞ்சது. அந்த ஒரு பஸ்ல கத்துக்கிட்டதை வச்சுதான் அடுத்த பஸ், அதுக்கடுத்த பஸ். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ்., சில வருஷங்கள்லயே நாட்டின் சிறந்த பஸ் நிறுவனங்கள்ல ஒண்ணாச்சு.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்ல. எந்தப் பனியன் கம்பெனியாவது சாம்பிள் போடாம ஐம்பதாயிரம் பீஸை கட்டிங்குக்கு அனுப்புமா? முதல்ல பேட்டர்ன், அப்புறம் ஒரு சாம்பிள், பையர் அப்ரூவல், அதுக்கப்புறம்தான் துணி மேல கத்தி. கேமுக்கும் இதே முறைதான். கலரும் வேண்டாம், கேரக்டரும் வேண்டாம், வெறும் கட்டங்களையும் வட்டங்களையும் வச்சு ஒரு சாம்பிள் பண்ணுங்க. அதை விளையாடிப் பார்த்தா ஜாலியா இருக்கா? இருந்தா மேல போங்க. இல்லைன்னா தூக்கிப் போடுங்க. ஒரு வாரம்தான் நஷ்டம்.

அதோட, நீங்க செஞ்ச கேமை நீங்களே ஓட்டினா போதாது. பக்கத்து ரூம் நண்பன் கையில கொடுத்துட்டு, வாயைத் திறக்காம பின்னாடி நின்னு பாருங்க. அவன் எங்கே முழிக்கிறானோ அங்கே தப்பு உங்க மேல. செக்கிங் டேபிள்ல பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அக்காக்களோட கண்ணு இருக்கே, கேம் உலகத்துல அதுக்குப் பேர் கியூ.ஏ. இந்தத் துறைக்குள்ள நுழைய அதுவும் ஒரு நல்ல வாசல்.

யாருக்காகச் செய்றோம்?

நாயுடு செஞ்ச பொருட்களோட பட்டியலைப் பார்த்தா தலை சுத்தும். உலர் மின்கலத்துல ஓடுற குட்டி மோட்டார் வச்ச ரசாந்த் ரேசர், மெல்லிசான ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியுற கருவி, கேமராவுக்கு தூரத்தைச் சரிபண்ற கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு மெஷின். இதுல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. மண்ணெண்ணெயில ஓடுற ஃபேன்.

யோசிச்சுப் பாருங்க. கரண்ட் போகாத கிராமங்கள்தான் அன்னைக்கு அதிகம். ஆனா மண்ணெண்ணெய் எல்லார் வீட்டிலும் இருந்தது. வாங்குறவன்கிட்ட என்ன இருக்கோ, அதுல ஓடுற மாதிரி ஒரு பொருள். 1941-ல ஐந்து வால்வு ரேடியோ செட்டை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும்னு அவர் அறிவிச்சதும் இதே கணக்குதான்.

நம்ம ஊர்ல கேம் விளையாடுறது யாரு? ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல போற பையன், விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு போன்ல, ஒரு கைல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விளையாடுறான். அந்தப் போன்ல உங்க கேம் திணறாம ஓடணும். செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது சுமார் 16 மில்லி செகண்டுதான். அதுக்குள்ள கணக்கு, படம், சத்தம் எல்லாம் முடியணும். எங்கே நேரம் வீணாகுதுன்னு புரொஃபைலரைத் திறந்து பார்க்கத் தெரிஞ்சவங்க ஃப்ரெஷர்கள்ல ரொம்பக் கம்மி. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா, இன்டர்வியூல உங்களை யாரும் சாதாரணமா கடந்து போக மாட்டாங்க.

தனியா யாரும் மோட்டார் செய்யல

நாயுடுவைப் பத்திப் பேசுறப்போ எல்லாத்தையும் அவர் ஒத்த ஆளா செஞ்ச மாதிரி ஒரு தோற்றம் வந்துடும். அது முழு உண்மை இல்ல. 1937-ல பீளமேட்டுல அவரோட தொழிற்சாலையில உருவான மின் மோட்டார், இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார்னு சொல்லப்படுது. அதுல டி. பாலசுந்தரம் நாயுடுவோட உழைப்பு பெரிசு. அவர்தான் பின்னாடி டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினவர். கோவை மோட்டார் ஊரா, பம்ப்செட் ஊரா, மில் மெஷின் ஊரா மாறினது இந்த மாதிரி கூட்டு உழைப்பாலதான்.

கேமும் அப்படித்தான். கோடு எழுத ஒருத்தர், வரைய ஒருத்தர், அனிமேஷனுக்கு ஒருத்தர், சத்தத்துக்கு ஒருத்தர், இதையெல்லாம் கோத்து டிசைன் பண்ண ஒருத்தர். எல்லாத்திலும் அரைகுறையா இருக்கிறதைவிட ஒண்ணுல ஆழமா இருங்க, மத்தவங்க பேசுற பாஷை புரியுற அளவுக்கு மத்ததையும் கத்துக்கோங்க. கிட் பயன்படுத்தத் தெரியணும். நீங்க எழுதின கோடு ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தருக்குப் புரியணும். அடுத்தவர் குறை சொன்னா மூஞ்சி சுருங்காம கேட்டுக்கத் தெரியணும். சிலபஸ்ல இல்லாத, ஆனா டீம்ல தினமும் தேவைப்படுற திறமைகள் இவை.

செஞ்ச கார் ஏன் ரோட்டுக்கு வரல?

இப்போ கசப்பான பக்கத்துக்கு வருவோம். 1952-ல நாயுடுவோட பட்டறையில இருந்து ரெண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு பெட்ரோல் கார் வெளியே வந்தது. விலை 2000 ரூபாய்தான். சாதாரண ஆளும் கார் வாங்கலாம்ங்கிற கனவு கைக்கெட்டும் தூரத்துல இருந்தது. ஆனா தொழில் தொடங்க அரசோட உரிமம் வேணும். அது கிடைக்கல. தயாரிப்பு நின்னு போச்சு.

பொருள்ல குறை இருந்து நின்னது இல்லைங்க. அனுமதி கிடைக்காம நின்னது. வரி விஷயத்திலும் அரசோட அவருக்குப் பெரிய மனக்கசப்பு. எதிர்ப்பைக் காட்ட, தான் செஞ்ச பொருட்களையே ஊரறிய உடைச்சுப் போட்டார். அது சரியா தப்பான்னு அன்னைக்கே ரெண்டு கருத்து இருந்தது. என் கருத்தைக் கேட்டா, கோபம் நியாயம். ஆனா உடைஞ்சதைப் பார்த்துக் கத்துக்க வேண்டிய ஒரு தலைமுறை நஷ்டப்பட்டது.

இது உங்களுக்கு எதுக்குன்னு கேட்கலாம். சொல்றேன். 2020 கடைசியில அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தினப்போ, அதையே நம்பி எழுதின ஆயிரக்கணக்கான பிரவுசர் கேம்கள் ஒரே அடியா முடங்கின. 2023 செப்டம்பர்ல யூனிட்டி நிறுவனம், கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகிறதுக்கும் டெவலப்பர்கிட்ட காசு வாங்கப் போறதா அறிவிச்சு உலகமே கொதிச்சது. ஒரு வருஷம் கழிச்சு அதைக் கைவிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி விளையாடுற ஆன்லைன் கேம்களுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதிச்சது. அதை நடத்தின கம்பெனிகள்ல வேலை பார்த்த நம்ம பசங்க பலர் திடீர்னு நடுத்தெருவுல நின்னாங்க.

அதனால, எந்தக் கருவி யாருக்குச் சொந்தம், லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்கு, சட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு படிக்கிறதும் ஒரு திறமைதான். கோடோ மாதிரி ஓப்பன் சோர்ஸ் இன்ஜின் ஒண்ணைக் கையில வச்சுக்கிறது நல்ல காப்பு. அதைவிட நல்ல காப்பு, இன்ஜின் பேரை நம்பாம அடிப்படையை நம்புறது. கேம் லூப், மோதல் கணக்கு, மெமரி, டேட்டா ஸ்ட்ரக்சர் இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு இன்ஜின் மாறினா ஒரு மாச வேலை. தெரியாதவங்களுக்கு மறுபடியும் முதல்ல இருந்து.

ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங்

திருப்பூர்ல இருந்து அவிநாசி வழியா கோவைக்கு பஸ்ல போனா, பீளமேடு வர்றதுக்கு முன்னாடி கண்டக்டர் ஹோப் காலேஜ்னு கத்துவார். அங்கே ஏன் அந்தப் பேர்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஆர்தர் ஹோப் அன்னைய சென்னை மாகாண ஆளுநர். நாயுடுவோட முயற்சியாலும் நன்கொடையாலும் அவர் பேர்ல ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் உருவாச்சு. அந்தக் காலேஜ்தான் பின்னாடி தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, இன்னைக்கு ஜி.சி.டி.யா நிக்குது.

ஆரம்பப் படிப்பு மட்டும் படிச்ச மனுஷர், 1945-ல அந்தக் காலேஜுக்கு முதல்வரா இருந்தார். அதிலும் ஒரு சண்டை. நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குதுன்னும், ரெண்டு வருஷத்துல பாடத்தை முடிச்சு மாணவனைப் பட்டறைக்கு அனுப்பிடலாம்னும் அவர் வாதாடினார். ஆங்கிலேய அரசு ஒத்துக்கல. அவர் ராஜினாமா செஞ்சுட்டு வெளியே வந்தார்.

இதைப் படிச்சிட்டு, அப்போ டிகிரியே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. படிப்பு வேண்டாம்னு நினைச்சிருந்தா அவர் ஏன் காலேஜ் கட்டணும்? அவர் கோபமெல்லாம் கை படாத படிப்பு மேலதான். உங்ககிட்ட நாலு வருஷம் இருக்கு. பாடம் ரெண்டு வருஷத்துக்குத்தான் வரும்னு அவர் போட்ட கணக்கை அப்படியே வச்சுக்கிட்டா, மிச்ச ரெண்டு வருஷம் உங்க பட்டறைக்கு. ஹாஸ்டல் ரூம்தான் பட்டறை, பழைய லேப்டாப்தான் லேத்.

சரி, என்னதான் பண்றது?

இந்த லீவுல ஒரே ஒரு சின்ன கேமை எடுத்துப் பிரிங்க. டுடோரியல் இல்லாம திரும்பக் கட்டுங்க. அப்புறம் அதுல ஒரு விதியை மட்டும் மாத்தி உங்க கேம் ஆக்குங்க. 48 மணி நேர கேம் ஜாம் ஒண்ணுல கலந்துக்கோங்க. நல்லா வரலைன்னாலும் முடிச்சு இட்ச் டாட் ஐஓ மாதிரி தளத்துல ஏத்துங்க. அதுக்குக் காசு கிடையாது. முடிச்ச மூணு சின்ன கேம், முடிக்காத ஒரு பெரிய கேமைவிட ரெஸ்யூமேல கனமா நிக்கும். லட்ச ரூபாய் கோர்ஸை அதுக்கப்புறம் யோசிங்க. அப்போ உங்களுக்கு எது தெரியல, அதை அவங்க சொல்லித்தருவாங்களான்னு நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க.

சின்ன கேமுக்கு மதிப்பு இருக்கான்னு சந்தேகமா? கனடாவுல டொரான்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-ல வெண்பான்னு ஒரு கேம் வெளியிட்டாங்க. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு அம்மா, கிழிஞ்சு அழிஞ்சுபோன ஒரு சமையல் குறிப்பு நோட்டு. இட்லி எப்படி ஊத்தணும்னு நாமதான் கண்டுபிடிக்கணும். ஓரிரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அந்தச் சின்ன கேம் 2024-ல பாஃப்டாவோட சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கிச்சு. நம்ம ஊர்ல அப்படிச் சொல்லப்படாத கதை எவ்வளவு இருக்கு? நூல் பிடிக்கிறதுல ஆரம்பிச்சு பேக்கிங் வரைக்கும் ஒரு டி-ஷர்ட் போற பாதையே ஒரு நல்ல மேனேஜ்மென்ட் கேம்தான். அதை பெங்களூர்ல உட்கார்ந்திருக்கிறவரைவிட, சாயப்பட்டறை வாசம் தெரிஞ்ச நீங்க நல்லா செய்வீங்க.

பெரிய ஸ்டூடியோக்கள் பெங்களூர், ஹைதராபாத், புனேன்னு வெளியூர்லதான் அதிகம். ஊரை விட்டுப் போக வேண்டி வரலாம். முதல் சம்பளம் மெர்ச்சண்டைசர் வேலையைவிடக் கம்மியாவும் இருக்கலாம். இதை வீட்டுல மறைக்காம சொல்லுங்க. சொல்றப்போ கையில ஓடுற ஒரு கேமோட போங்க. அம்மாகிட்ட போனைக் கொடுத்து விளையாடச் சொல்லுங்க. அவங்களும் ஒரு பிளேயர்தான்.

கோவை பக்கம் போனா அவிநாசி ரோட்டுல இருக்கிற ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. அந்த ரோட்டு மேல இப்போ நீண்டு கிடக்கிற பாலத்துக்கும் அவர் பேர்தான். உள்ள போய் ஒவ்வொரு பொருளையும் பார்க்கிறப்போ, இது எப்படி வேலை செய்யுதுன்னு உங்க மனசு அதைப் பிரிக்க ஆரம்பிச்சா, சந்தோஷப்படுங்க. நீங்க சரியான லைன்லதான் இருக்கீங்க.